கிட்டாருக்கு டிரம் துணை: மெஷின் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டிலேயே கிட்டார் பழகும் பிள்ளைகள் பலர், தாள வேகம் காட்டும் மெட்ரோனோமின் 'டிக் டிக்' சலித்துப்போய் டிரம் துணை கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் காசு போட்டு வாங்கிய டிரம் மெஷின், "தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது" என்று சில நாளிலேயே பரணுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் மெஷினில் குறை இருக்காது. அதை எதில், எப்படிச் செருகினோம் என்பதில்தான் கோளாறு.

கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வேகமாகக் குறைந்துவிடும். கிட்டாருக்கு அது அழகு. டிரம்முக்கோ ஹை-ஹாட், சிம்பல் என்ற தட்டுகளின் ஒலி மங்கிவிடும்; சின்ன ஆம்ப் என்றால் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கின் அடிநாதமும் போய்விடும். கிட்டார் செருகும் துளையிலேயே டிரம்மையும் விட்டு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைத் திறந்தால் எல்லாம் கூழ். 'ஆக்ஸ் இன்' துளை இருந்தால் அதில் கொடுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் அது டிஸ்டார்ஷன் பகுதியைத் தொடாமல் போகும். அதைவிட நல்லது, டிவிக்கு வைத்திருக்கும் 2.1 ஸ்பீக்கரில் டிரம்மைத் தனியாக விடுவது. வூஃபரை மட்டும் மூலையில் வைக்காதீர்கள். கிக் குமுறி அடுத்த அடியை விழுங்கிவிடும். இரண்டடியாவது தள்ளி வையுங்கள்.

பல ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிரம் ஆப் ஓடும் போனிலிருந்து வரும் ஸ்டீரியோ வயரை அப்படியே ஒரே பேலன்ஸ்டு துளையில் செருகினால் கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் ஏறக்குறைய காணாமல் போகும். அந்தத் துளை இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கிறது; கிக்கும் ஸ்னேரும் இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்னும் உள்ள 'ஒய்' கேபிள் வாங்குங்கள். ஒரு சேனல்தான் மிச்சம் என்றால் ஒரு பின்னை மட்டும் செருகினாலும் கிக்கும் ஸ்னேரும் காணாமல் போகாது.

லேப்டாப் சார்ஜரைப் போட்டதும் 'ங்ம்ம்' என்று இரைந்தால், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் போக எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

தாமதம் இருப்பதால் புளூடூத் ஆகவே ஆகாது என்று சிலர் சொல்வது முழு உண்மையல்ல. டிரம் மட்டும் புளூடூத்தில் வந்து, கிட்டார் வயர் வழியாக ஆம்ப்புக்குப் போனால் சிக்கலே இல்லை; காதில் விழும் டிரம்மோடுதானே நாம் வாசிக்கிறோம்! கிட்டாரையும் போன் ஆப் வழியாக புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போதுதான் கெட்டுப்போகும். தாமதம் 150 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லி செகண்ட்தான். தந்தியைத் தொட்டு ஒரு கால் அடி கடந்த பிறகே நம் சத்தம் நமக்குக் கேட்கும்.

டிரம்முக்கு போன் ஆப் போதும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் 'ஹைட்ரஜன்' என்ற இலவச மென்பொருளைப் போடலாம். தயாராகக் கிடைக்கும் பேட்டர்ன்கள் (தாள அமைப்புகள்) பெரும்பாலும் 4/4, அதாவது நாலு எண்ணிக்கை. நம் பாட்டுகளிலோ ஆறு எண்ணிக்கையான 6/8 ஏராளம். ஒரு சுற்றை 16 கட்டமாகப் பிரித்திருக்கும் பேட்டர்னை 12 கட்டமாகக் குறைத்து, 1-ல் கிக், 7-ல் ஸ்னேர் வையுங்கள். மென்பொருள் நான்கு கட்டத்தை ஓர் அடியாக எண்ணும்; நம் கால் ஆறு கட்டத்துக்கு ஒருமுறைதான் தட்டும். அதனால் வேகம் 120 என்று போட்டால் கால் தட்டுவது 80 ஆகத்தான் இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்கு 14 கட்டம்: 1-ல் கிக், 7-லும் 11-லும் ஸ்னேர். 'தகிட தக திமி' சரியாக விழும்.

எங்களைக் கேட்டால், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பம்பையைவிட நல்ல துணை கிடையாது. மாரியம்மன் பண்டிகைக்கு அடிப்பவரிடம் அனுமதி கேட்டு, ஆறேழு அடி தள்ளி நின்று போனில் பதியுங்கள். அதற்குமேல் நெருங்கினால் ஒலி உடைந்துவிடும். வேகம் மாறாத நான்கு சுற்றை 'ஆடாசிட்டி' என்ற ஒலித் திருத்த மென்பொருளில் தேர்ந்தெடுத்து, ஓர் அடிக்குச் சற்று முன்பிருந்து, நான்கு சுற்று கழித்து வரும் அதே அடிக்குச் சற்று முன்புவரை வெட்டி எடுங்கள். வெட்டும் முன் 'இசட்' விசையைத் தட்டினால் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்குத் தேர்வு நகரும். சுற்று திரும்பும்போது 'டப்' என்று வெடிக்காது. எம்பி3 ஆகச் சேமித்தால் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம் சத்தம் கிட்டாரைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கை முந்துவது காதுக்குத் தெரியாது. பழகியபின் இரண்டு பார் (தாளச் சுற்று) டிரம், இரண்டு பார் மௌனம் என்று பேட்டர்னை அமையுங்கள். டிரம் திரும்பும்போது நீங்கள் முன்னால் போயிருந்தால், வேகத்தை 10 குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர்கள்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.