மணல் குழிந்த கதை

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பிந்தியதற்குக் கச்சான் காற்றைத்தான் ஏச வேண்டும். பகலில் வெக்கை, இரவில் நித்திரை இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியே. வாசலில் நட்ட செவ்வரத்தையை மான்கள் திரும்பவும் மொட்டையாக்கிவிட்டுப் போய்விட்டன. வேறு புதினம் இல்லை.

மகனுக்கு மீன் தொட்டி வாங்கினாயாம், பம்ப் போட்டதும் மணல் எழும்பிக் கலங்குகிறதாம். அந்தக் கூத்து இங்கே போன வருடமே ஆடி முடிந்தது, மச்சான்.

என் தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மணலும் கல்லும் போக 170 லீற்றர் தண்ணீர் நிற்கும். உப்புவெளிக் கடற்கரை மணல் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பிடி அள்ளி வந்து வினாகிரி விட்டுப் பார்த்தேன். நுரைத்தது. எல்லாம் சிப்பித் துகள், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். அதனால் ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய ஆற்று மணலை அரித்து, வாளி வாளியாகக் கழுவி, இரண்டு இஞ்சிக்குப் பரப்பினேன்.

மீன் கழிவு மணலுக்குள் இறங்காது, மேலேயே கிடக்கும். பரல் கல் என்றால் இடுக்கில் ஒளிந்துவிடும், நமக்கும் தெரியாது. இதைப் பார்க்கச் சகிக்காமல், தண்ணீர் வேகமாக ஓடினால் அள்ளிக்கொண்டு போகும் என்று மணிக்கு 2000 லீற்றர் தள்ளும் பம்ப் ஒன்றை வாங்கினேன். “பெரிசுதான் நல்லது அண்ணை” என்றான் கடைப் பெடியன். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு மூலையில் அடிக் கண்ணாடி தெரிகிறது, மறு மூலையில் மணல் மேடு. நடுவில் வைத்த கல் சரிந்து கிடக்கிறது. பம்ப் கொறகொறவென்று மணலை அரைக்கிறது.

அந்தக் கல்லின் அடியில் இருந்த குழியைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது. அலை திரும்பும்போது குதிக்காலை ஊன்றி, யார் விழாமல் நிற்பது என்று பந்தயம் பிடிப்போமே? காலடி மணல் உருவிக்கொண்டு போகும், நீதான் முதலில் விழுவாய். அதே விசயம்தான். தடுக்கிற பொருளைச் சுற்றி வளையும்போது தண்ணீருக்கு வேகம் கூடுகிறது, அந்த வேகம் தோண்டுகிறது. இப்போது கல்லை முதலில் அடிக் கண்ணாடியில் இருத்திவிட்டு, பிறகுதான் சுற்றி மணல் போடுகிறேன். மணல் போனாலும் கல் சரியாது.

பம்பையும் மாற்றினேன். தொட்டித் தண்ணீர் மணிக்கு நாலைந்து தடவை சுற்றி வந்தால் போதும். எனக்கு 800 லீற்றர் பம்ப் காணும். என் செரி பார்ப் மீன்கள் நம் நாட்டு ஈரவலயத்தின் நிழலான, மெதுவாக ஓடும் ஓடைகளில் பிறந்த சாதி. அதுகளுக்கு என்னத்துக்கு வெள்ளம்?

அப்புறம், பம்ப் தண்ணீரைத் தள்ளுகிற வாயில் ஒரு துளைக்குழாய் பூட்டினேன். அரை இஞ்சி பிவிசி குழாய், நுனியில் மூடி. முதலில் பத்துத் துளை போட்டேன், ஊசி மாதிரிப் பீய்ச்சியது. பிறகுதான் கணக்குப் பார்த்தேன்: குழாயின் உள்வாய் 16 மில்லிமீற்றர் என்றால், 4 மில்லிமீற்றர் துளை 16 போட்டால்தான் அந்த வாய்க்குச் சமம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் நெருக்கிப் பாயும். (சின்னத்துரை மாஸ்டரின் கணக்குப் பாடத்தில் நித்திரை கொண்டவன் நான் என்று சிரிக்காதே.) துளைகளை மேல்நோக்கித் திருப்பி வைத்தேன். மேற்பரப்பு மெல்லச் சிலிர்க்கிறது, அடி மணல் அசையவில்லை. சிலிர்ப்பு வேண்டும், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும், 30 பாகையில் ஏழரைதான். இந்த வெக்கையில் என் தொட்டி 31ஐத் தொடுகிறது.

உறிஞ்சும் வாயை மணலுக்கு மூன்று இஞ்சி உயரத்தில் தூக்கி, ஒரு ஸ்பொஞ்ச் கட்டிவிட்டேன். மணல் பம்புக்குள் போவது அதோடு நின்றது.

கழிவு இப்போதும் விழுகிறது. ஆனால் எல்லாம் சுற்றி வந்து முன்பக்க இடது மூலையில் ஒதுங்குகிறது. கிழமைக்கொரு தடவை சிறு குழாயால் உறிஞ்சி எடுப்பேன். மணலில் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மணலும் வாளிக்குள் வந்துவிடும். உன் தொட்டியில் எந்த மூலை என்று தெரிய, மீன் தீனியை நுணுக்கி ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிரு. மணலை இடைக்கிடை விரலால் கிளறியும் விடு. இறுகிக் கறுத்துக் கூழ்முட்டை மணம் வந்தால் அடியில் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம்.

உன் பம்ப் எத்தனை லீற்றர் என்று எழுது. முன்பக்கத்திலிருந்து ஒரு படமும் அனுப்பு. ஆடி மாதம் வருவதாக இருந்தால் பம்ப் வாயில் பூட்டுகிற ஸ்பொஞ்ச் இரண்டு கொண்டு வா. நான் பாத்திரம் கழுவுகிற புது ஸ்பொஞ்சை வெட்டித்தான் கட்டியிருக்கிறேன், வடிவாகவே இல்லை.

அன்புடன்,
உன் மச்சான்