பழைய பிரேமுக்கு எந்தச் சக்கரம்?

பர்மிங்ஹாம்

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோவையில் விலைக்கு வந்திருக்கும் இத்தாலியப் பந்தய சைக்கிளின் படங்கள் கிடைத்தன. குழாயில், இத்தாலியக் குழாய் நிறுவனமான கொலம்பஸின் ஒட்டுத்தாள் இருப்பதால் அதை நம்பி வாங்கலாமா, அந்த வண்டியிலேயே 200 கிலோமீட்டர் பிரெவே என்ற, நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்தையும் வால்பாறை ஏற்றத்தையும் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். சென்ற குளிர்காலம் முழுவதும் நான் இதே கேள்வியோடுதான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இப்போது இரண்டு எஃகு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று, இந்த ஊர் நிறுவனமான ரெனால்ட்ஸின் 531 குழாயில் 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஆங்கிலேயச் சுற்றுலா சைக்கிள். மற்றது, அதே காலத்தில் கொலம்பஸ் எஸ்எல் குழாயில் செய்யப்பட்ட இத்தாலியப் பந்தய சைக்கிள். இரண்டும் என் உயரத்துக்கு ஏற்ற 52 செ.மீ. பிரேம்கள். ரெனால்ட்ஸா, கொலம்பஸா என்ற வாதம் இங்கே சைக்கிள்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் நடக்கும். 531 இனிமையாக ஓடும், எஸ்எல் துடிப்பாக ஓடும் என்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் எஃகின் பெயர் அன்று.

எஃகுக் கலவை எதுவானாலும் அதன் விறைப்புத்தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். 1935-இல் வந்த 531-இன் மாங்கனீசு மாலிப்டினக் கலவையும் கொலம்பஸின் குரோம் மாலிப்டினக் கலவையும் ஒரே அளவுக் குழாயாக இருந்தால் ஒரே அளவுதான் வளையும். உயர்ந்த கலவை தருவது வலிமை. வலிமை கூடினால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம், மெலிந்த குழாய் கொஞ்சம் கூடுதலாக வளையும். 531-ஐ வெப்பப் பதம் செய்து 1976-இல் ரெனால்ட்ஸ் கொண்டுவந்த 753-இல் சுவர் சில இடங்களில் 0.3 மி.மீ. வரை மெலிந்தது, மாதிரி இணைப்பு ஒன்றைச் செய்து அனுப்பித் தேர்ச்சி பெற்ற கைவினைஞர்களுக்கு மட்டுமே அந்தக் குழாயை விற்றார்கள். குழாயின் நடுப்பகுதியை மெலிதாகவும், பற்றவைக்கும் முனைகளைத் தடிப்பாகவும் விடும் முறைக்கு ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். எஸ்எல் தொகுப்பின் முதன்மைக் குழாய்களிலும் முனையில் 0.9, நடுவில் 0.6 மி.மீ. என்ற இதே ஏற்பாடுதான்.

சுவரின் தடிப்பைவிடக் குழாயின் விட்டம் பன்மடங்கு பேசும். மெல்லிய குழாயின் விறைப்பு, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. பழைய பிரேம்களில் கீழ்க்குழாய் 28.6 மி.மீ.; பின்னாளில் வந்த பருத்த குழாய்களில் 31.8. சுவர் அதே தடிப்பில் இருந்தாலும் இந்த 3 மி.மீ. வித்தியாசமே விறைப்பை ஏறக்குறைய 37 சதவீதம் உயர்த்திவிடுகிறது. என் இரு வண்டிகளிலும் கீழ்க்குழாய் 28.6 தான். அப்படியிருந்தும் அவை வேறு வேறாக ஓடுவதற்குக் காரணம் செயின்ஸ்டேயின் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாயின்) நீளம், ஃபோர்க்கின் வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாக டயர். சுற்றுலா வண்டியில் 32 மி.மீ. டயர் இருந்தது, பந்தய வண்டியில் 25. முக்கோண வடிவப் பிரேம் மேலும் கீழுமாக அசைவது மிகமிகக் குறைவு. டயரோ மில்லிமீட்டர் கணக்கில் அமுங்கி எழுகிறது. அந்த இனிமையில் பெரும்பங்கு ரப்பருக்கும் காற்றுக்கும் உரியது என்பது என் முடிவு. ஆகவே ஒட்டுத்தாளைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பிரேமில் எவ்வளவு பருத்த டயர் நுழையும் என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சக்கர அளவு வருகிறது. பந்தய வண்டிகளின் 700சி ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 622 மி.மீ. அதைவிடச் சிறிய அளவான 650பி-யில் அது 584. டயரின் அகலத்தை இருமடங்காக்கி இத்துடன் கூட்டினால் சக்கரத்தின் வெளிவிட்டம் ஏறக்குறைய வந்துவிடும். 700சி-யில் 23 மி.மீ. டயர் போட்டால் 668. 650பி-யில் 42 மி.மீ. டயர் போட்டாலும் அதே 668. ரிம் சிறுத்து டயர் பருக்கிறது, பெடலின் உயரமும் கியரின் கணக்கும் மாறுவதில்லை. சிறிய ரிம்மில் பருத்த டயர் என்ற கருத்தைப் பிரான்சின் செயின்ட் எத்தியெனில் வாழ்ந்த, வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட போல் த விவீ நூறாண்டுக்கு முன்பே வலியுறுத்தினார். பின்னர் ரெனே ஹெர்ஸ் போன்ற பாரிஸ் கைவினைஞர்கள் 650பி சக்கரத்தில் அருமையான தொலைதூர வண்டிகளைச் செய்தார்கள்.

நான் முதலில் கைவைத்தது ஆங்கிலேய வண்டியில். மட்கார்டுக்கு இடம் விட்டுச் செய்தது என்பதால் அதற்குத்தான் 650பி பொருந்தும் என்று யாருக்கும் தோன்றும். அளந்து பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. அந்தப் பிரேம் 27 இன்ச் சக்கரத்துக்குச் செய்யப்பட்டது, அதன் ரிம் 630 மி.மீ. அதிலிருந்து 584-க்குப் போனால் பிரேக் கட்டை 23 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் போல்ட்டிலிருந்து ரிம் வரை ஏற்கெனவே 52 மி.மீ. இருந்ததால் 75 மி.மீ. எட்டக்கூடிய பிரேக் தேவைப்பட்டது. எனக்குக் கிடைத்த நீண்ட கை பிரேக் 73-லேயே நின்றுவிட்டது. பிரேமில் புதிதாக எதையும் பற்றவைத்து அந்தப் பழைய பெயிண்டைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதற்கு 700சி சக்கரமே சரியான வழியாக அமைந்தது. பிரேக் கட்டையை 4 மி.மீ. இறக்கினால் போதும், 35 மி.மீ. டயர் தாராளமாகச் சுழல்கிறது, பழைய 27 இன்ச் டயரோடு ஒப்பிட்டால் வெளிவிட்டத்தில் 2 மி.மீ. மட்டுமே குறைவு. ஃபோர்க்கில் இடம் உள்ள பிரேமுக்குச் சிறிய சக்கரம் தேவையே இல்லை.

650பி-யால் உண்மையில் பயன் அடைந்தது இறுக்கமாகச் செய்யப்பட்ட இத்தாலிய வண்டிதான். 700சி-யில் 25-க்கு மேல் அதில் எதுவும் நுழையாது. டயருக்கும் ஃபோர்க்கின் மேல்முனைக்கும் இடையே ஒரு சுண்டுவிரல் கூடப் போகாது. 650பி ரிம் 19 மி.மீ. தாழ்வதால் மேலே இடம் பிறக்கிறது. பக்கவாட்டிலும் ஓர் ஆதாயம் உண்டு: டயரின் மிக அகலமான பகுதி அச்சை நோக்கிச் சற்றுப் பின்னால் தள்ளிப் போகிறது, அங்கே செயின்ஸ்டே குழாய்கள் இரண்டும் கூடுதலாக விரிந்திருக்கும். என் பிரேமில் அந்த இடைவெளி 44 மி.மீ. எனவே 42-ஐ விட்டுவிட்டு 38 மி.மீ. டயரைப் போட்டேன். சக்கரத்தைப் பெண்டு எடுத்தபின், டயருக்கும் குழாய்க்கும் நடுவே 3 மி.மீ. அல்லன் சாவியைச் செருகிக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுழற்றினேன். இரு பக்கமும் உரசாமல், ஆடாமல் சாவி அப்படியே நின்றது. பிரேக் கட்டை 43-இலிருந்து 62 மி.மீ.க்கு இறங்க வேண்டியிருந்தது, நீண்ட கை பிரேக்குக்கு அது எட்டும் தூரம். பின்சக்கர ஹப்பின் அகலம் 130 மி.மீ., அது உட்கார வேண்டிய பிரேமின் இடைவெளியோ 126. கையால் இழுத்து இரு பக்கமும் 2 மி.மீ. விரித்துப் பொருத்திக்கொள்ள எஃகு இடம் தந்தது. எஃகின் மேல் எனக்குள்ள பற்றுக்கு இந்த வளைந்து கொடுக்கும் குணம் முக்கியக் காரணம்.

ஓடும் விதத்தைச் சொல்கிறேன். இங்கே கிராமத்துச் சாலைகளில் தாரை ஊற்றி அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி அழுத்திவிடுவார்கள். 25 மி.மீ. டயரில் 95 பிஎஸ்ஐ காற்றோடு அதில் போனால் உள்ளங்கை மரத்துவிடும், பெடலில் இட்ட உழைப்பில் ஒரு பகுதி அதிர்வாகவே வீணாகும். 38 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐ வைத்து அதே சாலையில் அதே இறக்கத்தில், பெடலை மிதிக்காமல் உருண்டு பார்த்தபோது வண்டி முன்பைவிடத் தள்ளிப் போய் நின்றது. வழவழப்பான தார்ச்சாலையில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. காற்றழுத்தத்துக்கு, ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்று அமெரிக்கரான ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன கணக்கைப் பின்பற்றுகிறேன். நான் சுவரில் சாய்ந்தபடி சீட்டில் உட்கார, என் மகள் ஸ்கேலை நிறுத்தித் தரையிலிருந்து ரிம் வரை அளந்து சொன்னாள். 38-க்கு ஏறக்குறைய 6 மி.மீ. இறங்கினால் சரி.

டயரின் அகலத்தைப் போலவே அதன் துணியும் முக்கியம், இதைப் பலர் கவனிப்பதில்லை. முள் ஏறாத தடித்த பட்டை வைத்த 38 மி.மீ. டயரைப் போட்டு ஓட்டினால் வண்டி சோம்பிப் போகும். பக்கச்சுவரை விரலால் கிள்ளினால் மடங்கும் அளவுக்கு மெல்லிய துணி உள்ள டயரில் அதே வண்டி உயிர் பெறுகிறது. ஹேண்டில்பார் திரும்பும் தன்மையும் மாறுகிறது. பிரேமின் கோணத்தை வைத்துக் கணக்கிட்டால் ஃபோர்க்கின் டிரெயில் (ஹேண்டில்பார் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) 2 மி.மீ. தான் குறைந்திருக்கிறது, வண்டி இலகுவாகத் திரும்ப வேண்டும். நடைமுறையில் சற்றுக் கனமாகத் திரும்புகிறது, ஏனென்றால் பருத்த டயர் சாலையைத் தொடும் பரப்பு விரிந்து, திருப்பத்தைத் தானே எதிர்க்கிறது. இதற்குச் சில நாளில் கை பழகிவிடும். 42 போடாமல் 38 போட்டதில் சக்கரத்தின் வெளிவிட்டம் முன்பைவிட 12 மி.மீ. குறைந்து பெடல் 6 மி.மீ. தாழ்ந்திருப்பதால் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொள், அது மட்டும் கட்டாயம்.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். படத்தில் பார்த்த வரை அது என் இத்தாலிய வண்டியைப் போலவே இறுக்கமானது, 25 மி.மீ. டயரோடு வால்பாறையில் ஏறிவிடுவாய், ஆனால் இறங்கும்போது அந்த 40 வளைவுகளிலும் உன் மணிக்கட்டு படும் பாட்டை நினைத்துப் பார். 650பி-க்கு நம் ஊரில் ஒரு வசதியும் இருக்கிறது: மலை சைக்கிள்களில் 27.5 இன்ச் என்று விற்கப்படுவதும் இதே 584 மி.மீ. ரிம்தான், ஆகவே வழியில் ட்யூப் வெடித்தால் மாற்று கிடைக்கும். 26 இன்ச் என்று சொல்லி யாராவது டயர் கொடுத்தால் மட்டும் எண்ணைப் பார்த்து வாங்கு. அந்தப் பெயரில் 559, 590 என்று வெவ்வேறு ரிம்கள் உண்டு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. மெல்லிய துணியுள்ள 38 மி.மீ. டயர் அங்கே கிடைப்பது கடினமானால் டிசம்பரில் வரும்போது ஒரு ஜோடி கொண்டுவருகிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்து எனக்கு எழுது. பிரேக் போல்ட்டின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம் வரை எத்தனை மி.மீ. என்பது ஒன்று, முன்னும் பின்னும் தனித்தனியாக வேண்டும். பின் அச்சிலிருந்து 31 செ.மீ. முன்னால் செயின்ஸ்டேக்களின் உள்பக்க இடைவெளி எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது 54-க்குள்ளும் இரண்டாவது 44-க்குக் குறையாமலும் இருந்தால், விலையைப் பேசி முடித்துவிடு.

அன்புடன்,
ரவி

பின்குறிப்பு: சீட் போஸ்ட் அசைகிறதா என்றும் பார். எஸ்எல் பிரேமுக்கு 27.2 மி.மீ. போஸ்ட் வர வேண்டும்; அதைவிட மெலிந்த போஸ்ட் செருகியிருந்தால் குழாய் வேறாக இருக்கலாம், அல்லது யாரோ அளவு தெரியாமல் இறுக்கிக் குழாயின் வாயை நசுக்கியிருக்கலாம்.