மேலாளரை மாற்றும் முன்: கால்பந்துக் கழக இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்துக் கழகங்களின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் மேலாளரை அனுப்பிவிடுகிறீர்கள். ஒரு வாரத்துக்குள் இன்னொருவர் கழகத்தின் வண்ணத் துண்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் வெளியாகிறது. அந்தப் படத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் பயிற்சி கிடைக்கிறது என்று உங்களில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பல நேரம் நான்கோ ஐந்தோதான். அதிலும் ஒரு நாள் பத்திரிகையாளர் சந்திப்பு, ஒரு நாள் பயணம்.

நான் பயிற்சியாளன் அல்ல. பல ஆண்டுகளாக ஆட்டம் பார்க்கிறவன், அவ்வளவுதான். புது மேலாளர் வந்த முதல் சில வாரங்கள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது என் பழக்கம். (தொலைக்காட்சிக் கேமரா பாதி நேரம் அதைக் காட்டாது. அந்தக் கோபத்துக்குத் தனி மடல் எழுத வேண்டும்.) அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இதுதான்: முதலில் மாறுவது பந்து நம்மிடம் இல்லாதபோது ஆடும் ஆட்டம். பந்தோடு ஆடுவது மாற மாதங்கள் ஆகும். ஆட்களே மாறுவதற்குப் பருவங்கள் பிடிக்கும். நீங்களோ மூன்றையும் ஒரே மாதத்தில் கேட்கிறீர்கள்.

2015 அக்டோபர் 17 அன்று யூர்கன் க்ளாப் லிவர்பூலுக்குப் பொறுப்பேற்ற முதல் ஆட்டம், டாட்டன்ஹாம் மைதானத்தில். தேசிய அணிகளுக்கு ஆடப் போனவர்கள் அந்த வாரம்தான் திரும்பியிருந்தார்கள். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. ஆனால் பந்து பறிபோன நொடியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பாய்ந்து மறிப்பது அன்றே தெரிந்தது. பருவ முடிவில் லிவர்பூலுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்தது 2018 ஜனவரியில், கோல்கீப்பர் அலிசன் அந்தக் கோடையில். ஐரோப்பியக் கோப்பை 2019இல். 30 ஆண்டு காத்திருந்த லீக் பட்டம் 2020இல். ஓட்டம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. கோப்பைக்கு நான்கு ஆண்டு ஆயிற்று.

ஏன் இவ்வளவு காலம்? முன்வரிசை ஓடிப்போய் மறிக்கிறது என்று வையுங்கள். நடுக்களம் கூடவே முன்னேறாவிட்டால் இடையில் ஒரு வெற்றிடம் விழும். எதிரணி அதில் ஒரே ஒரு பாஸ் போட்டால் போதும், ஓடிய ஓட்டமெல்லாம் வீண். நடுக்களம் ஏறினால் தடுப்பு வரிசையும் ஏற வேண்டும். அது ஏறினால் அதன் முதுகுக்குப் பின்னே பெரிய வெளி திறக்கும். அங்கே விழும் பந்தை எடுக்கக் கால்வேகம் உள்ள தடுப்பாட்டக்காரரும், கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வரத் தயங்காத கோல்கீப்பரும் வேண்டும். ஒருவர் இரண்டு அடி பின்தங்கினாலும் எதிரணியின் முன்வரிசையை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் கோடு உடைந்துபோகும். உங்கள் அணியில் 33 வயதில், மெதுவாக ஓடி, தலையால் முட்டுவதில் வல்லவரான ஒரு தடுப்பாட்டக்காரர் இருக்கலாம். பெட்டிக்குள் நின்று ஆடும் அணியில் அவர் தூண். இந்த ஆட்டத்திலோ எதிரணி தேடிப்போய்த் தாக்குவது அவரைத்தான். அவர் ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவரிடம் கேட்கும் வேலை மாறிவிட்டது.

அரிகோ சாக்கி 1987இல் மிலானுக்கு வந்து, தடுப்பு வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார். பந்தே இல்லாமல் பதினொரு பேரையும் மைதானத்தில் நகர்த்திப் பயிற்சி கொடுத்தவர் அவர். முதல் பருவத்திலேயே இத்தாலிய லீக் பட்டம். பிறகு 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. அவருக்குத் தடுப்பு வரிசையை நடத்த பரேசி வாய்த்தார். எல்லாருக்கும் பரேசி வாய்ப்பதில்லை.

2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த குவார்டியோலா, கோல்கீப்பரின் காலிலிருந்தே ஆட்டம் தொடங்க வேண்டும் என்று ஜோ ஹார்ட்டை நீக்கி பிராவோவைக் கொண்டுவந்தார். அந்தப் பருவம் ஒரு கோப்பையும் இல்லை. அடுத்த கோடையில் எடர்சன் வந்தார். கூடவே வாக்கர், டானிலோ, மென்டி என்று மூன்று ஃபுல்பேக்குகள், அதாவது பின்வரிசையின் ஓரங்களில் ஆடுபவர்கள். 2017-18இல் 100 புள்ளிகள். அவ்வளவு பணம் எங்களிடம் ஏது என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் லீட்ஸைப் பாருங்கள். இரண்டாம் நிலை லீக்கில் 13ஆவது இடத்தில் முடித்த அணியை 2018 கோடையில் பியெல்சாவிடம் கொடுத்தார்கள். பெரும்பாலும் அதே வீரர்கள்தான். கால்வின் ஃபிலிப்ஸைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் தனி ஆளாக நிறுத்தினார், எல்லாரையும் எடை குறைக்கச் சொன்னார், ஓடவிட்டார். அந்தப் பருவம் மூன்றாம் இடம். 2020இல், 16 ஆண்டுக்குப் பிறகு, முதல் நிலைக்கு ஏறினார்கள். ஆனால் அவர் வந்தது கோடையில். பருவம் தொடங்குமுன் பயிற்சிக்கு வாரங்கள் இருந்தன.

இதற்கு எதிர்வாதமாக நீங்கள் அப்போது செல்சியின் மேலாளராக இருந்த கோன்ட்டேயைச் சொல்வீர்கள் என்று தெரியும். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் செல்சி 0-3 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தின் நடுவிலேயே பின்வரிசையை மூவராக மாற்றினார். அதன் பிறகு லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. ஊர் ஊராக இரவலுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த விக்டர் மோசஸ், வலது ஓரம் முழுக்க ஏறி இறங்கும் விங்பேக் ஆனார். ஃபுல்பேக் அஸ்பிலிக்வெட்டா மூவரில் ஒருவரானார். பருவ முடிவில் பட்டம். மந்திரம் போட்டது போலத்தான் இருந்தது. ஆனால் முந்தைய பருவத்தில் பத்தாவது இடத்தில் முடித்ததால் செல்சிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியே கிடையாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. மற்ற பெரிய அணிகள் வார நடுவில் பறந்துகொண்டிருக்க, இவர்கள் பயிற்சி மைதானத்தில் இருந்தார்கள்.

மறுபக்கம் 2017இல் கிரிஸ்டல் பேலஸ். பந்தை நீளமாக அடித்து, பின்னால் நெருங்கி நின்று ஆடவைத்த அல்லர்டைஸ் போனதும், பின்னாலிருந்து பாஸ் பாஸாகக் கட்டி ஆட வேண்டும் என்ற ஃபிராங்க் டி போரைக் கூட்டிவந்தார்கள். லீக்கில் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அனுப்பிவிட்டார்கள். ராய் ஹாட்ஜ்சன் வந்து அதே வீரர்களைப் பழகிய ஆட்டத்துக்குத் திருப்பி, 11ஆவது இடத்தில் முடித்துக் கொடுத்தார். டி போர் எப்படி ஆடவைப்பார் என்பது அவரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். அப்புறம் தவறு யாருடையது? 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டும் இதையே செய்தது. பின்வரிசையில் நால்வரை வைத்து ஆடக் கட்டிய அணியை, மூவரை வைத்தே ஆடும் அமோரிமிடம் பருவ நடுவில் கொடுத்தது. பருவம் முடிந்து வரவே விரும்பினேன் என்று அவரே சொன்னார். அந்த அணி 42 புள்ளியோடு 15ஆவது இடத்தில் முடித்தது.

புது மேலாளர் வந்ததும் முதல் சில ஆட்டம் ஜெயிக்கிறதே என்பீர்கள். மிக மோசமான கட்டத்தில்தானே பழையவரை நீக்குகிறீர்கள்? கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் சில அதற்குப் பிறகு எப்படியும் உள்ளே போயிருக்கும். அதை ராசி என்று நம்பி மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடாதீர்கள்.

ஆகவே நேர்காணலில் அவருடைய கால்பந்துத் தத்துவம் என்ன என்று கேட்காதீர்கள், அழகாகப் பேசுவார்கள். உங்கள் வீரர் பட்டியலை மேசைமேல் வைத்து, இவர்களில் யார் எங்கே நிற்பார், யாருக்கு இடமே இருக்காது என்று கேளுங்கள். ஆறு பேருக்கு இடமில்லை என்றால், அந்த ஆறு பேரை மாற்றும் செலவையும் காலத்தையும் இவரது சம்பளத்தோடு கூட்டிப் பாருங்கள். ஜெர்மனியின் லெவர்குசன் 2022 அக்டோபரில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தபோது வந்த ஷாபி அலோன்சோ, முதலில் செய்தது கோல் விடாமல் தடுப்பை இறுக்கியது. அடுத்த கோடையில் ஷாகா, கிரிமால்டோ, போனிஃபேஸ் வந்தார்கள். 2023-24இல் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம். அதே கழகம், அலோன்சோ போனபின் வந்த டென் ஹாகை 2025இல் இரண்டே லீக் ஆட்டத்தில் நீக்கியது. ஒரு முறை பொறுமையாக இருந்தவர்களுக்கே அது மறந்துபோகிறது.

அடுத்த முறை மேலாளரை நீக்கும் தீர்மானம் மேசைக்கு வரும்போது, கடைசி ஆறு ஆட்டங்களின் பதிவை வரவழைத்து, கோல் கணக்கை மறைத்துவிட்டு, சத்தத்தை அணைத்துப் பாருங்கள். அகலமாகக் காட்டும் கேமராவின் பதிவு உங்களிடமாவது இருக்கும். பந்து எங்கே பறிக்கப்படுகிறது, எதிரணியை எத்தனை பாஸ் வரை விட்டுவைக்கிறார்கள், பின்வரிசை எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அவர் வந்த நாளில் சொன்ன இடத்தை நோக்கி அணி நகர்ந்துகொண்டிருந்தால் கோடை வரை விட்டுவையுங்கள். நகரவே இல்லையா, தாராளமாக அனுப்புங்கள். நான் பதாகை தூக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பந்தை விட்டுப் பின்வரிசையைப் பார்க்கும் ஒரு ரசிகன்