நீ அனுப்பிய மூன்று தொடர்களும் நீங்கள் நான்கு பேரும்

அன்புள்ள கயல்,

நீ பார்க்கச் சொன்ன மூன்று ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர்களையும் அம்மாவும் நானும் பார்த்து முடித்துவிட்டோம். வேலையை விட்டுவிட்டு நண்பர்கள் மூன்று பேரோடு வீடியோ கேம் செய்யலாமா என்று போனில் கேட்டாயே, அதற்கான பதிலையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். மூன்றுமே கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளின் காதல் கதைகளாக இருப்பது தற்செயல் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அம்மாவுக்குப் பிடித்தது சகுராசோ. 2012-ல் வந்தது, 24 பகுதி. பூனை வளர்த்ததால் விடுதியை விட்டு அனுப்பப்பட்ட சொராட்டா, தறுதலைகள் என்று பேர் வாங்கியவர்கள் தங்கும் சகுரா விடுதிக்கு வருகிறான். தன் உடையைக்கூடத் தானே எடுத்துப் போடத் தெரியாத மஷிரோவைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அந்தச் சிரிப்பை ரொம்பவே இழுத்துவிட்டார்கள். ஆனால் அவள் உலகம் அறிந்த ஓவியர். இவனோ கேம் யோசனையை எழுதி அனுப்புகிறான், நடுவர்கள் முன் நின்று விளக்குகிறான், நிராகரிக்கப்படுகிறான். அவள் வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பத்திரிகையில் இடம்பிடிக்கும்போது இவனால் மனசாரச் சந்தோஷப்பட முடியவில்லை. அதை ஒளிக்காமல் காட்டியது எனக்குப் பிடித்தது. மற்றபடி அதில் கேம் வேலை குறைவு, வயிற்றெரிச்சல்தான் அதிகம். உனக்கு அந்த வியாதி கிடையாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்த தொடர் சாயேகானோ. அதன் முதல் பகுதியில் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் ஓட்டிவிட்டேன். அப்புறம் சூடு பிடித்துவிட்டது. சரிவுப் பாதையில் தொப்பி பறந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் தொமொயாவுக்குக் கேம் செய்யும் ஆசை வந்துவிடுகிறது. அவனுக்கு வரையவும் தெரியாது, எழுதவும் தெரியாது. வரைய எரிரி, எழுத உதஹா, கதாநாயகிக்கு மாதிரியாக அந்தத் தொப்பிக்காரி கட்டோ. ரசிகர்கள் தாங்களே செய்ததை விற்கும் காமிகெட் சந்தை குளிர்காலத்தில் வரும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

2017-ல் வந்த இரண்டாம் பருவம்தான் உனக்கு முக்கியம். தனியாக இருந்து படங்களை முடிக்கிறேன் என்று நாசு மலைப்பக்கம் போன எரிரி, காய்ச்சலில் விழுந்துவிடுகிறாள். தொமொயா ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்கிறான். டிஸ்க் அச்சுக்குக் கொடுக்கும் கெடு தவறிவிடுகிறது. தாங்களே டிஸ்க்கில் பதிவு செய்த கொஞ்சம் பிரதிகளோடுதான் சந்தைக்குப் போகிறார்கள். கட்டோவுக்குக் கோபம். எரிரியைக் காப்பாற்றியதற்காக இல்லை, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்ததற்காக. அவள் குரலைக்கூட உயர்த்துவதில்லை. அதனாலேயே நமக்கு உறைக்கிறது.

எனக்கு இங்கே அச்சகங்களில் வரும் ஆடிப்பெருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குள் அடுத்த வருட காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் தயாராக வேண்டும். ஓவியர் படுத்துவிட்டால், பிளேட் போடுகிறவரிலிருந்து மெஷின்மேன் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தாமதத்தை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாள் தள்ளிப்போனதைக் கடைசி ஆளாகத் தெரிந்துகொள்வதைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

ரீமேக் அவர் லைஃப் 2021-ல் வந்தது, 12 பகுதிதான். கடைசியில் ஓட்டமாக ஓடி முடிக்கிறார்கள். ஆனாலும் மூன்றில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். கேம் கம்பெனி மூழ்கி வேலை போன 28 வயது கியோயா, பத்து வருடம் பின்னால் 2006-க்குப் போய், ஒசாகாவில் கலைக் கல்லூரியில் சேருகிறான். ஒரே வீட்டில் வரைகிறவள் ஒருத்தி, பாடுகிறவள் ஒருத்தி, எழுதுகிறவன் சுராயுகி. முதல் குறும்படத்துக்கு வீடியோ கேமராவுக்குப் பதிலாக நிழற்படக் கேமரா வந்து சேர்கிறது. கியோயா அசராமல் நிழற்படங்களை அடுக்கியே படத்தை முடிக்கிறான். நீ செய்யக்கூடிய வேலைதான் அது.

அடுத்து சுராயுகியின் படிப்புச் செலவுக்காக ஒரு கேம். பணமும் நேரமும் பற்றவில்லை. கியோயா வெட்டுகிறான், சுருக்குகிறான், மாற்றச் சொல்கிறான். கேம் விற்கிறது, பணமும் வருகிறது. சுராயுகி எழுதுவதையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். கெடு தவறாமல் முடித்த இவனுக்கு, எழுதுகிறவனை இழந்தது அப்புறம்தான் புரிகிறது.

தொமொயா பாசத்தில் கேட்காமல் விட்டான், கியோயா சாமர்த்தியத்தில் கேட்காமல் விட்டான். உனக்கு இரண்டுமே உண்டு, அதுதான் என் கவலை. உங்கள் நான்கு பேரில் படமும் வரையாத, புரோகிராமும் எழுதாத ஆள் நீதான். எல்லாவற்றையும் கோத்து முடிக்கிற வேலை உன் தலையில்தான் விழும். வேலையை விடு, நான் தடுக்கவில்லை. அதற்கு முன் நான்கு பேரும் ஒரு நாள் உட்காருங்கள். கெடுவைத் தள்ளிவைக்க யார் சொல்லலாம்? யாருடைய வேலையை யார் வெட்டலாம்? வெட்டியது பிடிக்கவில்லை என்றால் எங்கே சொல்வது? எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சிநேகிதர்கள்தானே என்று விட்டுவிடாதே. வரைகிற பெண்ணுக்கு மாதாமாதம் என்ன கொடுப்பீர்கள் என்பதும் அதில் வரட்டும்.

அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சேமிப்பிலிருந்து எவ்வளவு தரலாம் என்று அதைப் பார்த்த பிறகு பேசுவோம். 2019-ல் வந்த சாயேகானோ படத்தை நீ வரும்போது சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள் அம்மா. கட்டோ தொமொயாவைச் சும்மா விட்டாளா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா
சிவகாசி