செயலாளரின் ஆண்டறிக்கை: முன்னங்கால் முறிந்த நாய்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், நம் தெருவாசிகளுக்கும் வணக்கம்.

வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடந்தது. கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது, வண்டியில் அடிபட்டு முன்னங்கால் முறிந்த நாய்கள்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சித்திரையில் அடிபட்ட செவலை நாய்க்கு நாமே மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம். மூன்றாம் நாள் பாதம் வீங்கி, ஜில்லிட்டு, நாற்றம் எடுத்தது. ரத்த ஓட்டம் நின்றுபோனதால் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தவறு நம்முடையது. நாய் இப்போது மூன்று காலில் ஓடுகிறது. ஆனாலும் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதில் ஒன்று போவது சின்ன இழப்பு இல்லை.

அதற்கப்புறம் எந்த நாய்க்கும் நாமாகக் கட்டுப் போடவில்லை. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

மாவுக்கட்டு போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் எலும்பு (முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருப்பது) முறிந்தால் பெரும்பாலும் போதாது. அங்கே சதையும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு ஒட்டாமலே நின்றுவிடும். அறுவை செய்து எலும்பின் மேல் உலோகப் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, முறிந்த முனைகளை நெருக்கிச் சேர்ப்பதுதான் நல்ல வழி. சரி, தொடை எலும்புக்குப் போல உள்ளே கம்பி செருகலாமே? ரேடியஸின் உட்குழல் குறுகல், எலும்பும் வளைவு. கம்பி மணிக்கட்டு மூட்டைக் கெடுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். எலும்பு வெளியே தெரியும் புண்ணாக இருந்தால் கம்பிகளைக் குறுக்கே செலுத்தி, தோலுக்கு வெளியே சட்டம் கட்டி நிறுத்துவார்கள். புண்ணையும் கழுவி மருந்து போட முடியும்.

முழங்கைக்கு மேலே முறிந்தால் பத்தை வைக்கவே கூடாது. கட்டின் பாரம் முறிந்த இடத்தை இன்னும் ஆட்டிவிடும். நாயை அட்டையிலோ பலகையிலோ படுக்கவைத்து அப்படியே கொண்டுபோங்கள். முழங்கைக்கு மேலுள்ள அந்த எலும்பை ஒட்டித்தான் காலை ஊன்றவைக்கும் நரம்பு போகிறது. பாதத்தின் மேல்புறம் தரையில் தேய நடந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் விரலை அழுத்திப் பார்ப்பார்கள். அப்போது நாய் காலை இழுப்பது மட்டும் போதாது. திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்றும் அவர்கள் கவனிப்பார்கள். நரம்பு வேரோடு அறுந்திருந்தால் எலும்பைச் சேர்த்தும் கால் வேலை செய்யாது. அடிபட்ட வேகத்தில் நுரையீரலும் காயப்பட்டிருக்கலாம் என்பதால் மயக்க மருந்துக்கு முன் மார்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். செலவு கூடுகிறதே என்று அதைத் தவிர்க்க வேண்டாம்.

அறுவை முடிந்தபின் ஆறு முதல் எட்டு வாரம் நாய் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. இங்கேதான் நாம் திணறினோம். வலி குறைந்ததும் தெருவில் விட்ட ஒரு நாய்க்குப் பிளேட் வளைந்து மறுபடி அறுவை செய்ய வேண்டிவந்தது. கூண்டு வாங்க நிதி கேட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறேன். வீட்டில் ஒரு மூலை ஒதுக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பொருளாளர் வீட்டு வராந்தாவில் ஒரு கறுப்பு நாய் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் எக்ஸ்ரே.

செயலாளர்