நியூயார்க்கின் ஹார்லெமில் குடியேறிய பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

"சித்தி, ஹார்லெம்ல வீடு கிடைச்சுடுச்சு, மத்த இடத்தைவிட வாடகை கம்மி" என்று நீ போனில் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகு மனசு உறுத்தியது. நமக்குக் கம்மியாகத் தெரிகிற வாடகையைக் கொடுக்க முடியாமல்தான் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகின்றன. உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. யார் வாழ்ந்த இடத்தில் வாழப் போகிறாய் என்று தெரிந்துகொள்.

2ஆம் நம்பர் ரயிலில் 125ஆம் தெருவில் இறங்குகிறாய் அல்லவா? அந்த நிலையத்தின் சுவரைப் பார். ஹார்லெம் கட்டடங்களுக்கு மேலே மனிதர்கள் பறப்பார்கள்; கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸும் இருப்பார். சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த அந்த மொசைக் படத்தை 1996இல் உருவாக்கியவர் ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற கறுப்பின ஓவியர். 1930இல் அந்த ஹார்லெமிலேயே பிறந்தவர். 2024இல் காலமானார்.

அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா அடிமையாகப் பிறந்தவர். எஜமானர் வீட்டுக்குத் துண்டுத்துணிகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைத்துக் கொடுத்தார். அந்தக் கைவேலை மகளுக்கு வந்தது. அந்த மகள் மாவுச் சாக்கைக் கொதிக்கவைத்து, வெள்ளைவெளேரென்று வெளுத்து, போர்வைக்கு உள்துணியாகப் போடுவாராம். அதைப் பார்த்து வளர்ந்த பேத்திதான் ஃபெய்த்தின் அம்மா வில்லி போசி. ஹார்லெமில் ஆடை வடிவமைப்பாளராக இருந்தவர். 1980இல் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ஒரு குயில்ட் செய்தார்கள். முப்பது ஹார்லெம் முகங்களை மகள் வரைந்தார், அம்மா தைத்தார். மறு வருஷமே அம்மா போய்விட்டார். அந்தக் குயில்ட் இப்போது ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எனக்கு அவர் படைப்புகளில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் உனக்குப் பிடிக்கப் போவது 'டார் பீச்', 1988இல் அவர் செய்த கதை சொல்லும் குயில்ட். தார் பூசிய மொட்டைமாடி. வெக்கை தாங்காத ராத்திரியில் பெரியவர்கள் சீட்டாட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் மெத்தையில் படுத்திருக்கிறார்கள். எட்டு வயது கேஸி மட்டும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேலே பறக்கிறாள். அந்தப் பாலத்தில் வேலை செய்த அவள் அப்பாவை, கறுப்பர் என்பதால் தொழிற்சங்கத்தில் சேர்க்கவில்லை. அதனால் சங்கக் கட்டடத்துக்கு மேலேயும் பறக்கிறாள். எதன் மேல் பறக்கிறாளோ, அது அவளுடையதாகிவிடுமாம். சொந்த வீடு, நிலம் என்று எதுவும் பிடிப்பில்லாத ஒரு குடும்பத்துப் பிள்ளை தன் ஊரை இப்படிச் சொந்தமாக்கிக்கொள்வதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஃபெய்த் தன் வாழ்க்கையை எழுதியபோது அதைப் புத்தகமாகப் போடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. அதனால்தான் குயில்ட் துணியிலேயே கதையை எழுத ஆரம்பித்தார்.

உன் கீழ்வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, அவரிடம் போய்ப் பேசு. சின்ன வயதில் அவரும் மாடியில் படுத்திருக்கிறாரா என்று கேள். அப்புறம், உங்கள் கட்டடத்தில் மாடிக்குப் போகும் கதவை இப்போதும் திறக்கிறார்களா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி