ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

செமஸ்டரில் பாதி நாள்கூட வராத பிள்ளையை ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பாஸ் போடச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாய். போடாதே. ஆனால் ஃபெயில் போட்டதோடு உன் வேலை முடிந்தது என்றும் இருந்துவிடாதே. இந்த இரண்டாவதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொதுத்தேர்வு ரிசல்ட் நாளில் ஊரே பதறும் இடத்திலிருந்து வந்தவள் நான். இங்கே அமெரிக்காவில் அப்படி ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு பாடத்திலும் தேறித் தேறிக் கிரெடிட் என்கிற புள்ளிகள் சேர்ந்தால்தான் டிப்ளோமா, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ். அதனால் பிள்ளைகள் கைவிட்டுப் போவதும் கண்ணில் படாமல் நடக்கிறது. ஒன்பதாவதில் அல்ஜீப்ரா போகும். பத்தாவதில் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பதினொன்றாவதில் வருவதையே நிறுத்திவிடுவான். பதினொன்றாவதில் படிப்பை விட்டான் என்று பதிவாகும், ஆனால் ஆரம்பித்தது ஒன்பதாவதிலேயே.

சிகாகோவில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும். 2005இல் வந்த அவர்கள் அறிக்கை சொன்னது எளிமையான விஷயம்: ஒன்பதாவது முடியும்போது 5 கிரெடிட் கையில் இருந்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃப்புக்கு (ஃபெயில்) மேல் வாங்காத பிள்ளை நான்கே ஆண்டில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு ஆண்டு கழித்து வந்த அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. யார் ஃபெயில் ஆவார்கள் என்று சொல்வதில், எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வகுப்புக்கு வருவது எட்டு மடங்கு பலமான அடையாளம். அப்புறம் எப்படி 'இந்தப் பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை' என்று நாம் கையை விரிக்க முடியும்?

அதன்பிறகுதான் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார ஆரம்பித்தோம். கையில் ஒரு தாள் இருக்கும்: பெயர், வராத நாள், எந்தப் பாடத்தில் எஃப். அதில் ஒரு பையன். எல்லாப் பாடத்திலும் பி, சி. முதல் பீரியடான என் கணக்கு வகுப்பில் மட்டும் எஃப். 'சோம்பேறி' என்றார் ஒருவர். கவுன்சிலர் வீட்டுக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு விடியற்காலை ஷிஃப்ட். தங்கையை அவளுடைய பள்ளியில் விட்டுவிட்டுத்தான் இவன் பஸ் ஏற முடியும். கணக்கை ஐந்தாம் பீரியடுக்கு மாற்றினோம். அடுத்த செமஸ்டரில் சி வாங்கினான். சலுகை மதிப்பெண் ஒன்றுகூட நான் போடவில்லை. நகரம் முழுக்க இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒன்பதாவது முடிவில் அந்த அறிக்கை சொன்ன அளவைத் தொட்ட பிள்ளைகள் 2007இல் 57 சதவீதமாக இருந்து 2013இல் 82 ஆனார்கள்.

உன் பள்ளியில் கேட்கிற குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாஷிங்டனின் பலூ உயர்நிலைப் பள்ளி சாட்சி. 2017இல் அங்கே பள்ளி முடித்த அத்தனை பேருக்கும் கல்லூரியில் இடம் என்று பாராட்டு குவிந்தது. பிறகு பார்த்தால் பலர் மாதக்கணக்கில் வகுப்புக்கே வரவில்லை. நகரம் முழுவதும் விசாரித்ததில், அந்த ஆண்டு பள்ளி முடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விதியை மீறித்தான் டிப்ளோமா போயிருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. கல்லூரியில் முதல் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தபோதுதானே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

நாடு முழுவதும் நான்காண்டில் உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் 2010-11இல் 79 சதவீதம், 2021-22இல் 87. இதில் உழைப்பும் இருக்கிறது, பூச்சும் இருக்கிறது. அதே 2021-22இல் நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்காவது வரவில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாயே. இந்த ஆண்டு விடாதே. பிரின்சிபலிடம் சண்டைக்குப் போகாமல், உன் பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கும் ஆங்கில ஆசிரியரையும் சயின்ஸ் ஆசிரியரையும் முதலில் பிடி. வாரத்தில் ஒரு மதிய இடைவேளை போதும். ஐந்தாவது வாரத்திலேயே யார் வரவில்லை என்று பாருங்கள், கடைசி வாரம்வரை போகவிடாதீர்கள். நாங்கள் பயன்படுத்திய தாளின் மாதிரியை இதோடு அனுப்புகிறேன். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதே: வீட்டில் யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள் என்று அதில் எழுத வேண்டும்.

அன்புடன்,
அம்மா